கஞ்சிக்கோட்டில் சேஃப்டி வேலை: லேபை விட்டுவிட்டுப் போகலாமா?

வேலந்தாவளம்_பையன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு உருக்காலையில் லேபில் இருக்கிறேன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. உருக்கியதில் சாம்பிள் எடுத்து, ஸ்பெக்ட்ரோவில் வைத்து, கார்பன் எவ்வளவு மாங்கனீஸ் எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இப்போது இ.எச்.எஸ். (சுற்றுச்சூழல், உடல்நலம், பாதுகாப்பு) பிரிவில் உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது. "தமிழ், மலையாளம், கொஞ்சம் இந்தி எல்லாம் வருகிறதே, நீயே வாயேன்" என்கிறார் எச்.ஆர். சம்பளமும் சற்றுக் கூடுதல். அப்பாவோ, "ஊரெல்லாம் பகைக்கிற வேலை உனக்கு எதுக்குடா?" என்கிறார்.

மூன்று சந்தேகம். இதில் முன்னேற வழி இருக்கிறதா? பின்னால் அரசாங்க இன்ஸ்பெக்டராகப் போக முடியுமா? விபத்து நடந்தால் கேஸ் என் தலையில் விழுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உலைவாய்

தம்பி, மூன்றுக்கும் பிறகு வருகிறேன். அந்த வேலைக்கு எந்த ஷிஃப்ட் என்று கேட்டீர்களா? "ஜெனரல் ஷிஃப்ட், காலை ஒன்பதிலிருந்து ஐந்தரை" என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு வேண்டியது ஃபைல் எழுதும் ஆள்.

நான் முதலில் கோவை குறிச்சிப் பக்கம் ஃபவுண்டரியில் இருந்தேன், அப்புறம் வாளையார் தாண்டி இண்டக்‌ஷன் ஃபர்னஸ். கேரளத்தில் பெரிய மின் இணைப்புகளுக்கு மாலை ஆறிலிருந்து இரவு பத்து வரை யூனிட் விலை அதிகம், பத்திலிருந்து காலை ஆறு வரை குறைவு. உருக்காலைச் செலவில் ஸ்கிராப்புக்கு அடுத்தது கரண்ட்தான். அதனால் முழு மூச்சாக உருக்குவது இரவில். பகலில் ஆடிட் வருகிறவர், இன்ஸ்பெக்டர், வாடிக்கையாளர் எல்லாரும் பார்ப்பது கூட்டிப் பெருக்கிய தரை, மஞ்சள் கோடு, மார்ச் 4 பாதுகாப்பு தினத்துக்குக் கட்டிய பேனர். இரவு பன்னிரண்டு மணிக்கு அதே தரையில் நடப்பது வேறு கதை.

ஃபர்னஸ் மேடையில் இருப்பவர்கள் ஒடிசா, பீகார், வங்காளத்துப் பையன்கள். ஸ்கிராப்பைக் கொட்டிவிட்டு, சிக்கிக்கொண்டதைக் கம்பியால் குத்தி உள்ளே தள்ளுவார்கள். கீழே இரும்பு 1,600 டிகிரிப் பக்கம் கொதித்துக்கொண்டிருக்கும். ஸ்கிராப்பில் ஈரம் இருந்தால் என்ன ஆகும்? தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். இரும்புக்கு மேலே பட்டால் சீறிவிட்டுப் போய்விடும். உருகிய இரும்புக்கு அடியில் மாட்டினால் மேலே இருக்கிற அத்தனையையும் தூக்கி எறியும். மேடையில் நிற்பவன் ஹெல்மெட் போட்டிருந்தானா இல்லையா என்பதற்கு அப்போது அர்த்தமே இல்லை.

பாலக்காட்டுக் கணவாய்க்கு ஜூனில் மழை எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஸ்கிராப் யார்டுக்குக் கூரை இல்லாத ஆலையில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் முழுக்க நனைந்த இரும்புதான் உள்ளே போகும். கூடவே, இரண்டு முனையும் மூடிய பைப், பழைய ஷாக் அப்சார்பர், காலி சிலிண்டர். உள்ளே அடைபட்டிருக்கும் எண்ணெயும் காற்றும் போதும். இவற்றைப் பொறுக்கி எடுப்பதற்கென்றே யார்டில் ஆள் போட வேண்டும். அந்த ஆளைத்தான் முதலில் குறைப்பார்கள், ஏனென்றால் அவர் எதையும் உற்பத்தி செய்வதாகக் கணக்கில் தெரியாது.

இன்னொன்று, லைனிங். உலையின் உள்பூச்சு தேய்ந்து, உருகிய இரும்பு உலையைச் சுற்றியிருக்கும் மின்சுருளான காயிலைத் தொட்டால், காயிலுக்குள் ஓடுவது தண்ணீர். அதற்குத்தான் மின்கசிவைக் காட்டும் எர்த் லீக்கேஜ் அலாரம் இருக்கிறது. அது அடிக்கடி கத்தினால் லைனிங்கைப் பார்க்காமல் அலாரத்தை பைபாஸ் பண்ணி வைத்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். பகல் ஆடிட்டில் அலாரம் பச்சை விளக்கோடு அழகாகத்தான் இருக்கும்.

எனவே உங்கள் முதல் நிபந்தனை இதுவாக இருக்கட்டும்: வாரத்தில் சில இரவுகள் நான் மேடைக்குப் போவேன், அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல்.

டைம்_ஆபீஸ்

உலைவாய் அண்ணன் சொல்லாததை நான் சேர்க்கிறேன். அடிபட்டு ஒருவர் 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனால் அந்த விபத்தைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் 88-ஆம் பிரிவு. அதனால் என்ன செய்வார்கள் தெரியுமா? கட்டுப் போட்ட கையோடு மறுநாளே அவரைக் கூட்டிவந்து என் ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்து வருகைப்பதிவு போடுவார்கள். டீ வரும், பேப்பர் வரும். ரிஜிஸ்டரில் விபத்தே இல்லாத வருடம். வெளியே போர்டில் 'விபத்தில்லா நாட்கள்' எண் ஏறிக்கொண்டே போகும். அந்த போர்டை எழுதுவது உங்கள் வேலையாகத்தான் இருக்கும் தம்பி.

ஓய்வு_ஆய்வாளர்

நான் தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மகள் வீடு சித்தூர் தாலுகாவில், அதனால் இந்தப் பக்கத்து ஆலைகளும் பழக்கம். இரண்டாவது, மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

பி.எஸ்சி.யோடு அரசாங்க ஃபேக்டரி இன்ஸ்பெக்டராக முடியாது. தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி.யின் பொறியியல் பணித் தேர்வு வழியாக உதவி இயக்குநராகச் சேர வேண்டும். கேரளத்தில் ஃபேக்டரியும் பாய்லரும் ஒரே துறை, அங்கே பி.எஸ்.சி. தேர்வு. இரண்டுக்கும் பொறியியல் பட்டம் வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அறிவியல் படித்தவர்களுக்கு இடம் உண்டு, ஆனால் தமிழ்நாட்டில் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணிக்கு முதுகலை கேட்பார்கள். எம்.எஸ்சி. முடிக்க எண்ணம் இருந்தால் அந்தக் கதவு திறந்திருக்கிறது.

கம்பெனி சேஃப்டி ஆபீசர் பதவிக்குப் பெரும்பாலான மாநில விதிகள் ஒரே மாதிரிதான்: இயற்பியல் அல்லது வேதியியல் பட்டம், தொழிற்சாலையில் மேற்பார்வைப் பொறுப்பில் ஐந்து வருட அனுபவம், அதோடு தொழிலகப் பாதுகாப்பில் பட்டமோ பட்டயமோ. பட்டயத்துக்குத் தென்மாநிலக்காரர்கள் போவது சென்னை தரமணியில் இருக்கும் மண்டலத் தொழிலாளர் நிலையம். நீங்கள் லேபில் கழித்த வருடங்கள் 'மேற்பார்வை' என்று எழுதப்பட்டிருக்கின்றனவா என்று உங்கள் நியமன உத்தரவை எடுத்துப் பாருங்கள். பலர் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த விதிகளில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும். அன்று அந்த விதியை எழுதியவர்கள் தமிழையும் மலையாளத்தையும் நினைத்திருப்பார்கள். இன்று உலை மேடையில் அது ஒடியாவும் இந்தியும்.

கேஸ் விஷயம். சட்டம் பிடிப்பது 'ஆக்குப்பையர்' (ஆலையின் இறுதிக் கட்டுப்பாடு கையில் உள்ளவர்), 'மேனேஜர்' இருவரைத்தான். கம்பெனியாக இருந்தால் இயக்குநர்களில் ஒருவர்தான் ஆக்குப்பையர் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. சம்பளத்துக்கு ஓர் அதிகாரியை நியமித்து அவர் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் மரணம் நடந்தால் போலீஸ் தனியாக எஃப்.ஐ.ஆர். போடும், அதில் சேஃப்டி ஆபீசர் பெயர் வருவதை நான் கண்டிருக்கிறேன். "இந்த அலாரம் பைபாஸில் இருக்கிறது, நிறுத்துங்கள்" என்று நீங்கள் தேதியோடு அனுப்பிய மின்னஞ்சல் அந்த நேரத்தில் உங்களைக் காப்பாற்றும். வாயால் சொன்னது காப்பாற்றாது.

மாடியில்_துணி

நான் ஆலைக்காரி இல்லை. புதுசேரிப் பஞ்சாயத்தில் வீடு. இரவு பன்னிரண்டுக்கு மேல் ஒரு வாடை வரும், காலையில் கொடிக்கம்பியைத் துடைத்தால் துணி கறுப்பு. புகார் கொடுத்தால் ஆபீஸ் நேரத்தில் ஒருவர் வந்து சிம்னியை அண்ணாந்து பார்த்து, "இப்போது ஒன்றும் இல்லையே அம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். இங்கே இத்தனை ஆபீசர் பேசுகிறீர்களே, ஒருவராவது இரவில் வந்ததுண்டா? அல்லது கவர் வாங்கிக்கொண்டு தூங்கிவிடுகிறீர்களா?

ஓய்வு_ஆய்வாளர்

கவர் வாங்குகிறவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன் அம்மா. ஆனால் இரவில் போகாததற்குக் காரணம் அது மட்டும் இல்லை. சட்டம் தடுக்கவில்லை. தொழிற்சாலை என்று நம்பக் காரணம் இருக்கும் எந்த இடத்துக்குள்ளும் நுழைய ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு, பழைய சட்டத்தின் 9-ஆம் பிரிவு. ஆனால் ஒரு அலுவலருக்கு எத்தனையோ தாலுகா, ஒரே ஜீப். பகலில் கோர்ட், வரைபட ஒப்புதல், விபத்து விசாரணை. அந்தச் சட்டப்படி வழக்கு போடுவதென்றால் குற்றம் தெரியவந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும், இல்லையென்றால் போயிற்று. கடைசியில் எதை எளிதாக எழுத முடியுமோ அதைத்தான் எழுதுவோம்: ரிஜிஸ்டர் இல்லை, லைசென்ஸ் புதுப்பிக்கவில்லை, முதலுதவிப் பெட்டியில் மருந்து காலாவதி.

இரவு முக்கியம் என்று உலைவாய் சொன்னதை நான் வலுவாக ஆதரிக்கிறேன். போபால் 1984 டிசம்பர் 2 நள்ளிரவு. அதற்குப் பிறகுதான் 1987-இல் அபாயகரமான செயல்முறைகளுக்கென்று சட்டத்தில் தனி அத்தியாயமே வந்தது. 2015 ஜனவரி 31, ஆந்திர எல்லையை ஒட்டிய ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் போனார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து வந்தவர்கள். 2020 மே 7, விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்ததும் விடியுமுன், ஊரடங்குக்குப் பிறகு ஆலையைத் திறக்கும் சமயத்தில். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் மூன்றிலும் செத்தவர்கள் பலர் படுக்கையில் இருந்தவர்கள்.

தோஹா_ரிட்டர்ன்

எல்லாரும் இரவு இரவு என்கிறீர்கள். நான் கத்தாரில் சேஃப்டி பார்த்துவிட்டு வந்தவன், இங்கே நான் அஞ்சுவது ஞாயிற்றுக்கிழமைப் பகல்தான். அன்றைக்குத்தான் தொட்டி கழுவுவார்கள். ஆலை நின்றிருக்கும், சூப்பர்வைசர் லீவு, காண்ட்ராக்டர் இரண்டு பேரை இறக்கிவிடுவார். முதல் ஆள் மயங்கி விழுவார், காப்பாற்ற இறங்கும் இரண்டாம் ஆளும் விழுவார். செய்தியில் 'இருவர் பலி' என்று வந்தால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம், மூக்கே சொல்லிவிடும் என்று நினைக்கிறார்கள். 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) பக்கம் போனதும் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்றுவிடும். "வாடை போயிடுச்சு, இறங்கலாம்" என்கிற நேரம்தான் ஆளைக் கொல்லும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். வாயில் ஓர் ஆள் நிற்க வேண்டும், அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது, எந்த நிலையிலும் அவர் உள்ளே இறங்கக் கூடாது. கத்தாரில் அந்த ஆள் டீ குடிக்கப் போனால் தொட்டியில் இறங்கும் அனுமதிச் சீட்டான பெர்மிட்டே ரத்து. இங்கே நான் அதைச் சொன்னபோது "ஒரு ஆளுக்குச் சும்மா நிற்கச் சம்பளமா?" என்று கேட்டார்கள்.

நெபோஷ் என்ற பிரிட்டிஷ் பாதுகாப்புச் சான்றிதழ் முடித்தால் கல்ஃபில் மதிப்பு. இங்கே சட்டப்படி சேஃப்டி ஆபீசராக உட்கார அது மட்டும் போதாது. பலர் கடன் வாங்கி நெபோஷ் முடித்துவிட்டு கஞ்சிக்கோட்டில் அலைகிறார்கள். எந்தக் கரையில் வாழப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

உலைவாய்

தோஹாக்காரர் சொன்னது சரி, ஞாயிறையும் என் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன். ஆள் பார்க்காத நேரம் என்பதுதான் விஷயம், அது இரவானால் என்ன, விடுமுறையானால் என்ன.

மாடியில்_துணி அக்கா, நீங்கள் சொல்லும் கறுப்புக்கு ஒரு விளக்கம் தருகிறேன், கோபிக்காதீர்கள். உலைக்கு மேல் புகை உறிஞ்சும் ஹூட் இருக்கும். கிரேனில் ஸ்கிராப் கொட்ட அது இடைஞ்சல், ஒதுக்கிவைத்துவிடுவார்கள். புகைத் தூசியைத் துணிப்பைகளில் வடிகட்டும் பேக் ஃபில்டருக்குக் காற்று இழுக்கும் ஃபேனும் நிறைய கரண்ட் தின்னும். அப்புறம் புகை சிம்னி வழியாகவே போகாது, ஷெட்டின் கூரை இடுக்கு வழியாகப் போகும். சிம்னியை அளந்தால் எப்போதும் சுத்தமாகத்தான் காட்டும்!

பச்சை_மை

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பக்கத்திலிருந்து கொஞ்சம். (எந்த மாநில வாரியம் என்று கேட்காதீர்கள்.)

அக்கா, "வாடை வருகிறது" என்று எழுதினால் எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. தேதி, மணி, காற்று எந்தத் திசை, கூரையிலிருந்து புகை வரும் வீடியோ என்று ஒரு மாதத்துக்குக் குறித்துக் கொடுங்கள். கூடவே ஒன்று கேளுங்கள்: பேக் ஃபில்டர் ஃபேனுக்குத் தனி மீட்டர் வைத்து, உலை ஓடிய மணிகளோடு அதன் யூனிட்டை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உலை எட்டு மணி நேரம் ஓடி ஃபேன் இரண்டு மணி நேரமே ஓடியிருந்தால் நள்ளிரவில் யாரும் ஏணி ஏற வேண்டாம், காகிதமே காட்டிக்கொடுக்கும்.

தம்பிக்கு: இ.எச்.எஸ். என்றால் 'இ' முதலில் வருகிறது, ஆனால் கம்பெனிகளில் அது கடைசி. அபாயகரக் கழிவு என்ன, எவ்வளவு, எங்கே போகிறது என்ற கணக்கு உங்கள் கையில் வரும். ஆலைக்குள் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அனுப்பும்போது கழிவோடு கூடப் போகும் சீட்டு, படிவம் 10. எல்லை தாண்டி அடுத்த மாநிலத்துக் கிடங்கில் கொட்டுவதற்கு அனுப்பினால் இரண்டு வாரியத்தின் தடையின்மைச் சான்றும் வேண்டும், 2016 விதி. இந்த எல்லையில் நடப்பதைச் சொல்லத் தேவையில்லை. வாளையாரில் லாரியில் மேலே உமி மூட்டை, உள்ளே வேறு. 2024 டிசம்பரில் திருநெல்வேலிக் கிராமங்களில் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போய், பசுமைத் தீர்ப்பாயம் சொன்னபின் லாரிகளில் திரும்ப அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கேயும் எங்கேயோ ஒருவர் கழிவு போய்ச் சேர்ந்ததாகக் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தக் கையெழுத்தைத்தான் உங்களிடம் கேட்பார்கள். லாரிக்காரர் கொண்டுவரும் ரசீதை நம்பாமல், போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு நீங்களே போன் போட்டு எடை கேளுங்கள்.

பெருமாட்டி பக்கம் இருப்பவர்களுக்கு பிளாச்சிமடையைச் சொல்லித் தரவேண்டாம். 2000-இல் வந்து 2004-இல் நின்ற குளிர்பான ஆலை. நிலத்தடி நீர் ஒரு பக்கம், ஆலைச் சேற்றை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்தது இன்னொரு பக்கம். அதில் காட்மியமும் ஈயமும் இருந்தது 2003-இல் வெளியே வந்தது. 2010-இல் அரசுக் குழு போட்ட இழப்புக் கணக்கு 216 கோடி ரூபாய். அந்தச் சேற்றை 'உரம்' என்ற தலைப்பில் எழுதியதும் ஏதோ ஒரு ரிஜிஸ்டர்தானே?

சித்தூர்_வக்கீல்

ஒரு சின்னக் குறிப்பு. மேலே எல்லாரும் சொல்வது 1948 சட்டத்தின் பிரிவுகள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. முன்பு ஆயிரம் தொழிலாளர் இருந்தால் சேஃப்டி ஆபீசர் கட்டாயம். இப்போது 500, அபாயகரமான செயல்முறை என்றால் 250. எனவே நடுத்தர ஆலைகளுக்கும் ஆள் தேவைப்படும், வேலை கிடைப்பது கூடும். ஆனால் மின்சாரத்தில் இயங்கும் சாதாரண ஆலை 'தொழிற்சாலை' ஆவதற்கு முன்பு பத்துப் பேர் போதும், இப்போது இருபது பேர் வேண்டும். சின்னப் பட்டறைகள் பல கணக்கிலிருந்தே மறைந்துவிடும். ஆய்வாளரும் இனி 'ஆய்வாளர் மற்றும் வசதியாளர்'.

டைம்_ஆபீஸ்

வசதி யாருக்கு என்று மட்டும் கேட்காதீர்கள் வக்கீல் சார்.

வேலந்தாவளம்_பையன்

எல்லாருக்கும் நன்றி. எச்.ஆரிடம் பேசினேன். ஷிஃப்ட் ஜெனரல்தான் என்றார். வாரம் இரண்டு இரவு வருவேன், பைபாஸ் சாவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும், அபாயம் என்று நான் எழுதினால் அது யூனிட் ஹெட்டுக்கு நேராகப் போக வேண்டும், இந்த மூன்றையும் உத்தரவில் எழுதித் தரக் கேட்டேன். இரவுக்குச் சரி என்றார். மற்ற இரண்டுக்கும் "பார்க்கலாம்". நியமன உத்தரவில் 'மேற்பார்வை' என்ற சொல்லையும் போடச் சொல்லியிருக்கிறேன், ஆய்வாளர் ஐயா சொன்னபடி.

அப்புறம் ஒரு கேள்வி. ஸ்டோரில் நான்கு வாயுக்களை அளக்கும் மீட்டர் ஒன்று இருக்கிறது. ஆன் பண்ணினால் ஆக்சிஜன் 20.9 காட்டுகிறது. கடைசியாக எப்போது காலிபரேட் பண்ணினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அதை நம்பலாமா?

தோஹா_ரிட்டர்ன்

நம்பாதீர்கள். திறந்த வெளியில் 20.9 காட்டுவது ஆக்சிஜன் சென்சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும். மற்ற மூன்றும் பூஜ்யம் காட்டுகிறது என்றால் வாயு இல்லை என்றும் இருக்கலாம், சென்சார் செத்துவிட்டது என்றும் இருக்கலாம். தெரிந்த அளவு வாயுவைக் காட்டி சென்சார் வேலை செய்கிறதா என்று பார்க்கும் 'bump' டெஸ்டுக்கு கேஸ் சிலிண்டர் ஒன்று வாங்கச் சொல்லுங்கள், அதிலும் காலாவதித் தேதி இருக்கும், பார்த்து வாங்குங்கள். வந்து சேரும்வரை தொட்டி பெர்மிட் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காண்ட்ராக்டர் அவசரப்பட்டால் கோவையில் ஒருநாள் வாடகைக்கே மீட்டர் கிடைக்கும், காலிபரேஷன் சான்றோடு கேளுங்கள்.

மாடியில்_துணி

தம்பி, முதல் இரவு எப்போது போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அன்றைக்கு நானும் கொடிக்கம்பியைத் துடைத்து வைக்கிறேன். மணியோடு குறித்து அனுப்புகிறேன், பச்சை மை சார் சொன்ன மாதிரி.